இன்டர்வெல் ஓட்டத்தில் சரியான பேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்டர்வெல் என்றால் கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, கொஞ்ச நேரம் மெதுவாக ஓடி மூச்சைத் திரும்பப் பிடித்து, மறுபடி வேகமாக ஓடுவது. இதில் குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான்: வேகமாக என்றால் எவ்வளவு வேகமாக? 5 கி.மீ. முதல் மாரத்தான் வரை தயாராகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு வேகமான துண்டையும் 'ரெப்' என்று சொல்கிறேன். பேஸ் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம். 5:00 என்றால் 5 நிமிடம். கணக்குக் காட்ட, 5 கி.மீ. தூரத்தை 25 நிமிடத்தில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் உங்கள் நேரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரியான பேஸ் என்று எதைச் சொல்வது?

முதல் ரெப்பை எந்த நேரத்தில் முடித்தீர்களோ, கடைசி ரெப்பையும் அதே நேரத்தில், ஓடும் விதம் குலையாமல் முடிக்க முடிகிற வேகம். எல்லாம் முடிந்ததும் 'கட்டாயப்படுத்தினால் இன்னும் ஒன்று ஓடிவிடுவேன்' என்று தோன்ற வேண்டும். இன்னும் மூன்று ஓடலாம் என்று தோன்றினால் வேகம் குறைவு. தரையில் சாய்ந்து விழுந்தால் அதிகம். சந்தேகம் வரும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவான பக்கமே சாயுங்கள். அந்தப் பக்கம் பிசகினால் இழப்பு சிறிது. வேகமான பக்கம் பிசகினால் அந்த வாரமே கெட்டுப்போகும்.

என் பேஸை எதை வைத்துக் கணக்கிடுவது?

சமீபத்தில் ஓடிய ரேஸை வைத்து. கடந்த ஆறு, எட்டு வாரங்களுக்குள் ஓடியதாக இருந்தால் நல்லது. 5 கி.மீ. நேரம் கையில் இருந்தால் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். 10 கி.மீ. நேரம்தான் இருக்கிறது என்றால் அதை 2.085 ஆல் வகுத்தால் 5 கி.மீ. நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும்: 50 நிமிடம் என்றால் சுமார் 24 நிமிடம். பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் தந்த சூத்திரம் இது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகும் என்பதுதான் அதன் சாரம்.

ரேஸே ஓடியதில்லையா? நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு 3 கி.மீ. தூரத்தைத் தனியாக, முழு முயற்சியோடு ஓடிப் பாருங்கள். அதுவும் பெரிதாகத் தெரிந்தால் 6 நிமிடம் முழுமூச்சாக ஓடி எவ்வளவு தூரம் போனீர்கள் என்று பாருங்கள். எதற்கு 6 நிமிடம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எனக்கு ஒரு டார்கெட் நேரம் இருக்கிறது. அந்த பேஸில் பயிற்சி செய்தால்தானே அதை எட்ட முடியும்?

இந்த எண்ணம்தான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. 25 நிமிடத்தில் ஓடுகிறவர் 22 நிமிடத்தைக் குறிவைத்து 4:24 பேஸில் ஆயிரம் மீட்டர் ரெப் ஓடினால், அவர் உடலுக்கு அது வேறு பயிற்சியாகிவிடுகிறது. இரண்டாவது ரெப்பிலேயே லாக்டேட் (கடும் முயற்சியில் தசையில் உருவாகி இரத்தத்தில் சேரும் பொருள்) ஏறும், கால் கனக்கும், மூன்றாவதில் பேஸ் விழும். ஆக்சிஜன் அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை பாதிகூட நடந்திருக்காது.

உடல் இன்று இருக்கும் நிலையில்தான் பயிற்சியை ஏற்றுக்கொள்கிறது. இன்றைய பேஸில் ஒழுங்காக ஓடிவந்தால், சில வாரங்களில் அதே பேஸ் லேசாகும். அப்போது புதிதாக ஒரு 5 கி.மீ. ஓடிப் பார்த்து, வந்த நேரத்தை வைத்து பேஸை மாற்றுங்கள். டார்கெட் பேஸ் எப்படி இருக்கும் என்று காலுக்குக் காட்ட ஆசையாக இருந்தால், 200 மீட்டர், 300 மீட்டர் போன்ற சின்ன ரெப்களில் நிறைய ஓய்வோடு ஓடிப் பார்க்கலாம். அதில் தவறில்லை.

எந்தத் தூர ரெப்புக்கு எந்த பேஸ்?

நம் 25 நிமிட ஓட்டக்காரருக்கு இப்படி வரும்:

- 200, 400 மீட்டர்: 5 கி.மீ. பேஸைவிட வேகம். 400 மீட்டர் 1:48 முதல் 1:52 வரை. ஓடும் விதத்தையும், ஓடும்போது சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவதையும் சீராக்க.
- 800 முதல் 1,200 மீட்டர்: 3 கி.மீ. பேஸுக்கும் 5 கி.மீ. பேஸுக்கும் இடையே, அதாவது 4:52 முதல் 5:00 வரை. பொதுவாக இன்டர்வெல் என்று சொல்லும்போது மனதில் இருப்பது இதுதான்.
- 1,600 மீட்டர், 2 கி.மீ., அல்லது 8, 10 நிமிட ரெப்: த்ரெஷோல்ட் பேஸ். ஒரு மணி நேரம் ரேஸ் ஓடினால் தாங்கும் வேகம். இவருக்கு 5:15 முதல் 5:25 வரை.

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினை. த்ரெஷோல்ட் நாளில் 5 கி.மீ. பேஸில் ஓடிவிடுகிறார்கள், 1,000 மீட்டர் நாளில் 400 மீட்டர் பேஸில் ஓடிவிடுகிறார்கள். அன்று எந்தப் பயிற்சி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் பேஸ் தானாக வந்துவிடும்.

நான் மெதுவாக ஓடுகிறவன். 5 கி.மீ. எனக்கு 35 நிமிடம். அதே 1,000 மீட்டர் ரெப் எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இதைப் பல பயிற்சி அட்டவணைகள் கவனிப்பதில்லை என்பது என் பெரிய வருத்தம். 20 நிமிட ஓட்டக்காரருக்கு 1,000 மீட்டர் 4 நிமிட வேலை. உங்களுக்கு அது 7 நிமிடம். உடலுக்குத் தூரம் தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு சிரமம் என்பதுதான் தெரியும். அதனால் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 3 அல்லது 4 நிமிட ரெப். அதில் நீங்கள் 500, 600 மீட்டர் போனால் அது போதும். பேஸையும் 5 கி.மீ. பேஸாக வைக்காமல், 12 முதல் 15 நிமிடம் தாங்கக்கூடிய வேகமாக வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் 5 கி.மீ. பேஸைவிடச் சற்று வேகமாகவே இருக்கும்.

ஏன் 3 முதல் 5 நிமிடம்? அதில் என்ன விசேஷம்?

ஓட ஆரம்பித்ததும் உடல் உடனே முழு அளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதில்லை. உச்ச அளவுக்குப் பக்கத்தில் வரவே சுமார் இரண்டு நிமிடம் ஆகும். அந்த உச்சத்தைத்தான் விஓ2 மேக்ஸ் என்கிறோம். ஒரு நிமிடத்தில் ரெப்பை முடித்து நீண்ட ஓய்வும் எடுத்துக்கொண்டால், உச்சத்தைத் தொடுமுன்பே இறங்கிவிடுகிறீர்கள். 3, 4 நிமிடம் ஓடினால் கடைசி ஒன்றிரண்டு நிமிடம் அங்கே இருக்கலாம். அந்த நிமிடங்களைச் சேர்ப்பதுதான் பயிற்சி.

விஓ2 மேக்ஸைத் தொடுகிற குறைந்தபட்ச வேகத்தில் ஒரேயடியாக ஓடினால் பெரும்பாலோர் 4 முதல் 8 நிமிடத்துக்குள் நின்றுவிடுவார்கள். சராசரி சுமார் 6 நிமிடம். மேலே சொன்ன 6 நிமிடச் சோதனைக்குக் காரணம் இதுதான்.

இந்த வேகத்தை வைத்து பிரெஞ்சு ஆய்வாளர் வெரோனிக் பில்லா பிரபலப்படுத்திய முறை ஒன்று உண்டு: 30 விநாடி அந்த வேகத்தில், 30 விநாடி அதில் பாதி வேகத்தில், மாற்றி மாற்றி. இடைவெளி குறைவாக இருப்பதால் ஆக்சிஜன் பயன்பாடு கீழே இறங்க நேரமே கிடைக்காது. 6 நிமிடத்தில் 1.3 கி.மீ. ஓடுகிறவருக்கு அது மணிக்கு 13 கி.மீ.; 30 விநாடியில் சுமார் 108 மீட்டர். தூரத்தைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் வந்து நின்றால் பேஸ் சரி. 1,000 மீட்டர் ரெப் பயமாக இருக்கிறது என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரியாக ஓடினேனா என்று எப்படித் தெரியும்?

ரெப் நேரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். நம் 25 நிமிட ஓட்டக்காரர் 5 × 1,000 மீட்டர் ஓடுகிறார் என்று வையுங்கள். ஒரு நாள்:

4:42, 4:50, 4:58, 5:10, 5:20

வேறொரு நாள்:

5:02, 5:01, 5:00, 5:00, 4:57

இரண்டுக்கும் கூட்டுத்தொகை 25:00. சராசரி 5:00. வாட்ச் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். ஆனால் முதல் நாளில் இரண்டு ரெப் தேவையற்ற வேகம். அதற்கான கடனைக் கடைசி இரண்டு ரெப் கட்டியது. தோள் காதுவரை ஏறி, கால் தரையில் அடித்து, இடுப்பு உட்கார்ந்து ஓடியிருப்பார். அந்தக் கோலத்தில் ஓடினால் உடம்பும் அந்தக் கோலத்தையே பழகிக்கொள்ளும். மறுநாள் எளிதான ஓட்டம்கூடக் கனமாக இருக்கும். இரண்டாம் நாளில் ஐந்து ரெப்பும் வேலைக்கு ஆகின, கடைசியில் கையில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

முதல் ரெப்புக்கும் கடைசி ரெப்புக்கும் இடையே 1,000 மீட்டருக்கு 5 விநாடி வித்தியாசம் வரை பரவாயில்லை. கடைசி ரெப் வேகமானதாக இருந்தால் ரொம்ப நல்லது.

முதல் ரெப் எப்போதும் வேகமாகிவிடுகிறது. என்ன செய்ய?

அது எல்லோருக்கும் நடக்கும். கால் புதிதாக இருக்கும், மூச்சும் இன்னும் பிடித்திருக்காது, 4:40 பேஸ்கூட லேசாகத் தெரியும். அதனால் முதல் ரெப்பில் உடல் சொல்வதை நம்பாதீர்கள், நேரத்தை நம்புங்கள். டிராக்கில் 5:00 பேஸ் என்றால் 200 மீட்டருக்கு 60 விநாடி. முதல் 200 மீட்டரை 54 விநாடியில் கடந்துவிட்டால் நீங்கள் 4:30 பேஸில் போகிறீர்கள் என்று அர்த்தம். உடனே தளருங்கள், மீதி 800 மீட்டரில் சரிசெய்துவிடலாம். இரண்டாவது ரெப்பிலிருந்து மூச்சும் சொல்லத் தொடங்கும்: இரண்டு மூன்று சொல் பேசலாம், முழு வாக்கியம் வராது.

வார்ம்-அப்பைச் சுருக்குவதும் இதற்கு ஒரு காரணம். 15 நிமிடமாவது மெதுவாக ஓடி, 80, 100 மீட்டர் தூரத்துக்கு நான்கைந்து முறை வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இடையில் எவ்வளவு ஓய்வு?

ஓய்வைச் சொல்லாமல் பேஸை மட்டும் சொன்னால் அது பாதிப் பயிற்சிதான். 4:52 பேஸை 5 நிமிட ஓய்வோடும் ஓடலாம், 90 விநாடி ஓய்வோடும் ஓடலாம். இரண்டும் வேறு வேறு. 800 முதல் 1,200 மீட்டர் வரையிலான ரெப்புக்கு, ஓடிய நேரத்தில் பாதி முதல் அதே அளவு வரை மெதுவான ஜாக். த்ரெஷோல்ட் ரெப்புக்கு ஒரு நிமிடம் போதும். 200, 400 மீட்டர் வேக ரெப்புக்கு ஓடிய நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற மருத்துவரும் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஓடும்போது இதயத் துடிப்பு 180 வரை ஏறலாம்; நின்றபின் 90 விநாடிக்குள் 120-க்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் ரெப் வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் 800 மீட்டரை 1:46.6-ல் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த எண்களை எல்லா வயதினரும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஓய்வில் மூச்சு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதை வைத்து பேஸை எடைபோடுவது இன்றைக்கும் நல்ல வழி. ஒவ்வொரு ஓய்விலும் மூச்சு திரும்ப அதிக நேரம் எடுத்துக்கொண்டே போனால் வேகத்தைக் குறையுங்கள்.

நிற்கலாமா, நடக்கலாமா, ஜாக்கா? மெதுவாக ஜாக். முடியாவிட்டால் நடக்கலாம். உட்காராதீர்கள்.

இதயத் துடிப்பைப் பார்த்து பேஸை வைக்கலாமா?

3 நிமிடத்துக்கு மேற்பட்ட ரெப்பில் உதவும், சின்ன ரெப்பில் உதவாது. துடிப்பு வேகத்துக்குப் பின்னால்தான் வருகிறது; 400 மீட்டர் ரெப்பில் துடிப்பு ஏறி முடிப்பதற்குள் ரெப்பே முடிந்துவிடும். தொடக்கத்திலேயே துடிப்பை உச்சத் துடிப்பின் 90 சதவீதத்துக்குக் கொண்டுவரப் பார்த்தால் கண்டிப்பாக அதிவேகமாகத்தான் ஓடுவீர்கள்.

நோர்வேயில் பிரபலமான 4 × 4 நிமிட முறையில் (நான்கு நிமிட ரெப் நான்கு) உச்சத் துடிப்பின் 90 முதல் 95 சதவீதம் என்று சொல்வார்கள். இடையே 3 நிமிடம் லேசான ஓட்டம். அந்த அளவை ஒவ்வொரு ரெப்பின் பிற்பாதியில் எட்டினால் போதும். இன்னும் இரண்டு விஷயம். 220-லிருந்து வயதைக் கழித்து வரும் உச்சத் துடிப்பு, ஒருவருக்கு 10, 12 துடிப்பு தள்ளி இருப்பது சாதாரணம். அப்புறம், மணிக்கட்டில் அளக்கும் வாட்ச் சில சமயம் இதயத்தை விட்டுவிட்டு உங்கள் காலடி எண்ணிக்கையை எண்ணத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 175 என்று அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். நெஞ்சுப் பட்டை இருந்தால் அதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வாட்ச் காட்டும் பேஸும் டிராக் தூரமும் ஒத்துப்போகவில்லையே?

டிராக்கை நம்புங்கள். ஜிபிஎஸ் வளைவுகளில் தடுமாறும். அந்தந்த நொடியில் காட்டும் பேஸ் ரெப்பின் முதல் சில விநாடிகளில் பெரும்பாலும் தவறு. ஆனால் நீங்கள் எந்த லேனில் ஓடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். உள் லேன்தான் 400 மீட்டர். வெளியே போகப் போக ஒவ்வொரு லேனுக்கும் ஏழு மீட்டருக்கு மேல் கூடும். எட்டாவது லேனில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர். அங்கே 2:00-ல் சுற்றுகிறவர் 4:25 பேஸில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

வெயில், மேடு, எதிர்காற்று, டிரெட்மில்?

வெயிலிலும் காற்றிலும் அட்டவணை பேஸைப் பிடித்துத் தொங்காதீர்கள். அதே மூச்சு, அதே சிரமம், பேஸ் எதுவானாலும் சரி. சூட்டில் உடல் தன்னைக் குளிர்விக்கவே இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவதால், மெதுவான பேஸே அதே அளவு இதய வேலையைக் கொடுத்துவிடும். மேட்டில் நேரத்தை வைத்து ஓடுங்கள்.

டிரெட்மில்லில் காற்றெதிர்ப்பு இல்லாததை ஈடுகட்ட 1 சதவீதம் ஏற்றம் வைப்பது வழக்கம். 5:00 பேஸ் என்றால் மணிக்கு 12 கி.மீ., 4:00 என்றால் 15. எந்திரத்துக்கு எந்திரம் வேகம் கொஞ்சம் மாறும். இங்கேயும் மூச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பாதியில் பேஸ் விழுந்துவிட்டால் இழுத்துப்பிடித்து முடிக்கணுமா?

ஒரு ரெப் மட்டும் விழுந்தால், அடுத்த ஓய்வை ஒரு நிமிடம் கூட்டி, 3 விநாடி மெதுவாக ஓடிப் பாருங்கள். அதுவும் விழுந்தால் நிறுத்திவிட்டு கூல்டவுனுக்குப் போய்விடுங்கள். ஐந்தில் மூன்று நன்றாக ஓடியது, ஐந்தையும் கெடுத்து ஓடியதைவிட மேல். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

இன்னொன்று, ரெப்களின் எண்ணிக்கையையே பாருங்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், 5 கி.மீ. பேஸை ஒட்டிய இந்த வகை இன்டர்வெலுக்கு வாரத் தூரத்தில் 8 சதவீதம் என்று வரம்பு வைத்தார். வாரம் 60 கி.மீ. ஓடுகிறவருக்குத்தான் 5 × 1,000 மீட்டர் சரி. வாரம் 40 கி.மீ. ஓடுகிறவருக்கு மூன்றே போதும். பேஸ் தப்பு என்று நினைப்பவர்களில் பலருக்கு எண்ணிக்கைதான் தப்பு.

நீளமான ரெப்பை மெதுவாக ஓடினால் பயன் குறைந்துவிடாதா?

குறையாது. 2013-ல் விளையாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் சைலரின் குழு சைக்கிள் ஓட்டுகிறவர்களை வைத்து 4 × 4, 4 × 8, 4 × 16 நிமிட இன்டர்வெல்களை ஒப்பிட்டது. நான்கு ரெப்பையும் முடிக்க முடிகிற அளவில் முடிந்தவரை கடினமாக ஓட்ட வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் கட்டளை. மிக வேகமாக ஓட்டிய 4 × 4 குழுவைவிட, உச்சத் துடிப்பின் 90 சதவீதத்தை ஒட்டி ஓட்டிய 4 × 8 குழு அதிகம் முன்னேறியது. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் அந்தக் கடின நிலையில் இரு மடங்கு நேரம் இருக்க முடிகிறது.

800 மீட்டரைப் பத்து முறை ஓடினால் மாரத்தான் நேரம் தெரியும் என்கிறார்களே?

அமெரிக்க ஓட்டக்காரர் பார்ட் யாஸோ பெயரில் வழங்கும் பயிற்சி அது. 800 மீட்டரை 4 நிமிடத்தில் பத்து முறை, இடையே 4 நிமிட ஜாக்கோடு ஓடினால் மாரத்தானை 4 மணி நேரத்தில் ஓடலாம் என்பது கணக்கு. 800 மீட்டர் 4 நிமிடம் என்றால் 5:00 பேஸ். நம் 25 நிமிட ஓட்டக்காரரின் 5 கி.மீ. பேஸேதான். ரீகல் சூத்திரத்தில் போட்டாலும் அவருக்கு 4 மணி நேரம்தான் வருகிறது. ஆனால் 30 கி.மீ. தாண்டியபின் கால் தாங்குமா என்பதை 800 மீட்டர் ரெப் சொல்லாது. நீண்ட ஓட்டங்கள் குறைவாக உள்ளவர்கள் இந்தக் கணிப்பைவிடப் பின்தங்குவார்கள். பயிற்சியாக நல்லது, ஜோசியமாக வேண்டாம்.

வாரம் எத்தனை முறை?

பெரும்பாலோருக்கு ஒன்று. வருடக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கு இரண்டு, அதில் ஒன்று த்ரெஷோல்ட். மற்ற நாட்கள் உண்மையிலேயே மெதுவாக இருக்க வேண்டும். எளிதான நாளை வேகமாக ஓடிவிட்டு வந்தால் இன்டர்வெல் நாளில் எந்த பேஸும் சரியாக வராது.

பல வாரமாக ஒரே நேரத்தில் நிற்கிறேன். வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமா?

முதலில் ஓய்வெடுத்துப் பாருங்கள். 1954-ல் பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர் 440 கஜத்தை (சுமார் 400 மீட்டர்) பத்து முறை ஓடும் பயிற்சியில் 61 விநாடியில் சிக்கிக்கொண்டார். எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. சில நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் மலையேறப் போனார். திரும்பி வந்தபின் 59 வந்தது. அந்த ஆண்டு மே 6-ல் ஒரு மைலை 3:59.4-ல் ஓடினார்.

களைப்பு இல்லை, தூக்கம் நன்றாக இருக்கிறது, ரெப்கள் சீராகவும் லேசாகவும் இருக்கின்றன என்றால் மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்: வேகத்தைக் கூட்டினால் ஓய்வையும் எண்ணிக்கையையும் தொடாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு 3, 4 விநாடி வேகமாக்கி, இரண்டு மூன்று வாரம் அங்கேயே இருந்து, கடைசி ரெப் எப்படி வருகிறது என்று பாருங்கள்.